ஒரே மருந்து, இரண்டு ஒவ்வாமை: கண்ணாடி விரியன் கடிக்குப் பின் நடந்தவை

இந்த ஆய்வில் பாம்பு நஞ்சைப் பற்றிய பேச்சு குறைவு. நஞ்சை முறிக்கக் கொடுத்த மருந்தை உடம்பு எப்படி எதிர்கொண்டது என்பதுதான் பொருள். ஒரே பெண்ணுக்கு, ஒரே மருந்தால், 12-ஆவது நிமிடத்தில் ஓர் ஒவ்வாமையும் 9-ஆவது நாளில் இன்னோர் ஒவ்வாமையும் வந்தன. இரண்டையும் கிளப்பியது நோயெதிர்ப்பு மண்டலமே. ஆனால் பாதை வேறு, அடக்கும் மருந்து வேறு. முன்கூட்டிச் செய்த தோல் சோதனை இரண்டையுமே காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் முடியாது. அது ஏன் என்பது பணியில் இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால், முதலாவதில் ஒன்பது நிமிடமும் இரண்டாவதில் இரண்டு நாளும் வீணாகியிருக்காது. அடையாளம் தெரியாதிருக்க ஊர், வயது போன்ற விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

காவிரி டெல்டா, தை மாதம், சம்பா அறுவடை. கூலி வேலைக்குப் போன 41 வயதுப் பெண், எடை 52 கிலோ. மாலை 5:40 மணிக்கு அரியைச் சேர்த்துக் கட்டாகக் கட்டும்போது வலது கணுக்காலுக்கு மேல் பாம்பு கடித்தது. உடனிருந்தவர்கள் பார்த்து அடையாளம் சொன்னார்கள்: தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி போல வட்டங்கள், குக்கர் விசில் மாதிரி சீற்றம். கண்ணாடி விரியன்.

6:25-க்கு அருகிலிருந்த சிறிய மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏ.எஸ்.வி. எனப்படும் நஞ்சுமுறி மருந்தில் துளியளவு எடுத்து முன்கையில் தோலுக்குள் செலுத்தி, கால் மணி நேரம் பார்த்து, தடிப்பு இல்லை என்று குறித்து, வட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பரிந்துரைச் சீட்டில் எழுதியிருந்தது: ‘ஏ.எஸ்.வி. டெஸ்ட் டோஸ் நெகட்டிவ்.’ இந்த ஒரு வரி பின்னால் செய்த கேட்டைப் பிறகு சொல்கிறோம்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றும் இருந்தது. அவருக்குச் சிறுவயதிலிருந்தே மார்கழி, தை மாதங்களில் இளைப்பு வரும். இரண்டு வருடம் இன்ஹேலர் எடுத்திருக்கிறார். இது அடுத்த நாள் அவருடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது.

வந்தபோது கண்டவை

இரவு 7:20. ரத்த அழுத்தம் 118/76, நாடித்துடிப்பு 104, ஆக்சிஜன் அளவு 98 விழுக்காடு. இரண்டு பல் தடங்கள், கெண்டைக்கால் நடுவரை வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு. இமை சரியவில்லை; மூச்சு சீராக இருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியிருந்ததை மெதுவாகத் தளர்த்தினார்கள்.

2 மி.லி. ரத்தம் எடுத்துப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் தண்ணீராக ஓடியது. இந்தச் சோதனைக்குப் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் உறைதல் தொடங்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஆகாது. நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றிவிடும்.

கண்ணாடி விரியன் நஞ்சு உறைதல் காரணிகளான பத்தையும் ஐந்தையும் நேரடியாகத் தூண்டிவிட்டு, இருப்பில் உள்ளதையெல்லாம் செலவழித்துவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரு குப்பி, அதாவது 10 மி.லி. ஏ.எஸ்.வி., 6 மி.கி. விரியன் நஞ்சை முறிக்கும். இந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. வரை இறக்குகிறது. எனவே 10 குப்பி. குழந்தைக்கும் இதே அளவுதான், ஏனென்றால் ஆளின் எடையைப் பார்த்துப் பாம்பு நஞ்சைக் குறைப்பதில்லை.

மருந்து எதனால் ஆனது

இனி வரப்போவதெல்லாம் இதைப் பொறுத்தது என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஏ.எஸ்.வி. தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சு பெரும்பாலும் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அதன் பிளாஸ்மாவை எடுத்து, பெப்சின் என்ற நொதியால் எதிர்ப்பொருளின் வால்பகுதியை வெட்டி நீக்கி, உறைநிலையில் உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள்.

வாலை வெட்டினாலும் அது குதிரைப் புரதம்தான். அதிலும் பாம்பு நஞ்சைப் பிடிக்கக்கூடிய பங்கு சிறியது. மிச்சமெல்லாம் அந்தக் குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த வேறு கிருமிகளுக்கு எதிராக உண்டானவை. அத்தனையும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் மனித ரத்தத்துக்குள் போகிறது. மனித உடம்புக்கு இது சாதாரணச் சந்திப்பு இல்லை.

முதல் எதிர்வினை: 8:05 முதல் 8:41 வரை

ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. மலட்டு நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிக் கரைத்தார்கள். குலுக்கினால் நுரை கட்டும், புரதம் கெடும். அதனால் பொறுமையாகத்தான் உருட்ட வேண்டும். கரைந்த 100 மி.லி.யை 200 மி.லி. சலைனில் சேர்த்து 8:05-க்கு டிரிப் தொடங்கியது. முதலில் மெதுவாக விடப்பட்டது.

8:17. “சிஸ்டர், உள்ளங்கை ரெண்டும் நமநமங்குது. தலையும் அரிக்குது” என்றார் அந்தப் பெண். பார்த்தபோது தோலில் எதுவும் இல்லை. சீட்டில் ‘நெகட்டிவ்’ என்றிருந்ததால் பதற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

8:19. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புகள். “காணாக்கடி மாதிரி தடிச்சுப்போச்சே” என்றார் உடனிருந்த நாத்தனார். இரண்டு முறை வாந்தி, வறட்டு இருமல். டிரிப்பை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். 8:21-க்கு ஹிஸ்டமின் தடுப்பு மருந்தான ஃபெனிரமின் (அவில்) 45.5 மி.கி., ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பு வழியே போயின.

8:26. ரத்த அழுத்தம் 72/40, நாடித்துடிப்பு 132, ஆக்சிஜன் 89. நெஞ்சு முழுக்க விசில் சத்தம். இப்போதுதான் டிரிப் நிறுத்தப்பட்டது. மருத்துவர் அட்ரினலின் கேட்டார். அது பூட்டிய அலமாரியில் இருந்தது. எடுத்து வந்த செவிலியர் தயங்கினார். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. ரத்தம் உறையாத நோயாளி என்பதால் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ‘தசை ஊசி கூடாது’ என்று எழுதியிருந்தது. அட்ரினலினுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று மருத்துவர் சொல்ல வேண்டியிருந்தது.

8:28. 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து 0.5 மி.லி., 23 கேஜ் ஊசியால் தொடையின் வெளிப்பக்க நடுவில் போடப்பட்டது. போட்ட இடத்தை ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தார்கள். அதற்குள் நோயாளி வாந்தியெடுக்க எழுந்து உட்கார முயன்றார். பிடித்து இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அழுத்தம் விழுந்து கிடக்கும் நேரத்தில் ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் நின்று நொடியில் உயிர் போகலாம். கால் உயர, தலை தாழக் கிடப்பதே பாதுகாப்பு.

முகமூடி வழியே ஆக்சிஜன், ஒரு லிட்டர் சலைன் வேகமாக, சால்புடமால் புகை. 8:33-க்கு அழுத்தம் 84/50 தான். இரண்டாவது அட்ரினலின், அதே அளவு. 8:41-க்கு 104/66. விசில் சத்தம் அடங்கியது.

அந்த 12 நிமிடத்தில் உடம்புக்குள் நடந்தது

ஒவ்வாமை என்றதும் எல்லோரும் படித்த பாதை ஒன்று உண்டு. இறாலோ குளவிக் கொடுக்கோ பென்சிலினோ முதல்முறை உள்ளே வரும்போது அறிகுறி எதுவும் இருக்காது. ஆனால் டி செல்களில் ஒருவகை இன்டர்லியூக்கின்-4 என்ற செய்தியைச் சுரந்து, பி செல்களை ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்யவைக்கும். அந்த ஐஜிஇ, தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் ரத்தக்குழாய்களை ஒட்டிக் காவல் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே பொருள் வந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇ-களைச் சேர்த்துப் பிணைத்தால், மாஸ்ட் செல் தன் பைகளைக் கொட்டிவிடும். ஹிஸ்டமினும் டிரிப்டேஸும் உடனே வரும். லூக்கோட்ரையீன்களும் புரோஸ்டாகிளாண்டினும் சில நிமிடங்களில் சேர்ந்துகொள்ளும். ரத்தக்குழாய் விரிந்து கசியும், மூச்சுக்குழாய் சுருங்கும், குடல் முறுக்கும்.

இந்தப் பெண்ணுக்கு முன்பு எப்போதும் குதிரைச் சீரம் போட்டதில்லை. அடிபட்டபோது போட்ட டி.டி. ஊசி சீரம் அல்ல, அது தடுப்பூசி. ஆக, குதிரைப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ இவரிடம் இருந்திருக்க வழியில்லை. இருந்தும் மாஸ்ட் செல்கள் கொட்டின. ஏ.எஸ்.வி. எதிர்வினைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. நரம்பு வழியே பெருமளவு போகும் புரதத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட துணுக்குகளும், வெட்டுப்படாமல் தங்கிய வால்பகுதிகளும் இருக்கும். அவை ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடரைக் கிளப்ப, அதில் உடையும் சி3ஏ, சி5ஏ துண்டுகள் மாஸ்ட் செல்லைத் தட்டிவிடுகின்றன. மருந்துப் புரதம் நேரடியாகவும் தட்டிவிடலாம். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இதுதான். வாசல் வேறு, கொட்டுவது அதே ஹிஸ்டமின். அதனால்தான் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன, இரண்டுக்கும் அதே அட்ரினலின் வேலை செய்கிறது.

தோல் சோதனை பொய்த்ததற்குக் காரணமும் இதுவே. அது தோலில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஐஜிஇ உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. ஐஜிஇ இல்லாமல் வரும் எதிர்வினையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஏ.எஸ்.வி.க்கு இந்தச் சோதனை பயன்படாது என்று 1986-இலேயே ஆய்வு வெளியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் வேண்டாம் என்கிறது. பயன்படாததோடு, இங்கே அது கால் மணி நேரத்தைத் தின்றது, பொய்யான தைரியத்தையும் கொடுத்தது. அந்த ‘நெகட்டிவ்’ இல்லாவிட்டால் 8:17-இல் உள்ளங்கை நமைச்சலைப் பதற்றம் என்று யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். உள்ளங்கை, உச்சந்தலை, உள்ளங்கால் நமைச்சல்தான் பல நேரம் முதல் குரல். தடிப்பு அதற்குப் பிறகு வரும்.

ஹிஸ்டமின் தடுப்பு மருந்து ஏன் அழுத்தத்தைத் தூக்கவில்லை? அது ஹிஸ்டமினின் ஒரு பூட்டை மட்டும் அடைக்கிறது. ஏற்கெனவே கசிந்த ரத்தக்குழாயை அது சுருக்காது, லூக்கோட்ரையீனைத் தொடாது. ஸ்டீராய்டு வேலை தொடங்க மணிக்கணக்கில் ஆகும். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி, இதயத்தை உந்தி, மூச்சுக்குழாயை விரித்து, மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்யும் வேறு மருந்து வார்டில் இல்லை. தோலோடு குடலோ மூச்சோ சேர்ந்த அந்த 8:19-இலேயே அதைப் போட்டிருக்க வேண்டும்.

தசை ஊசியால் வந்த விலையையும் சொல்லிவிடுவோம்: தொடையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு ரத்தக்கட்டு. ஒரு வாரத்தில் கரைந்தது.

மருந்தைத் தொடரும் முடிவு

எதிர்வினை வந்துவிட்டதே என்று ஏ.எஸ்.வி.யை நிறுத்திவிட முடியாது. ரத்தம் இன்னும் உறையவில்லை. முறிக்கப்படாத நஞ்சு சிறுநீரகத்தையும் மூளை ரத்தக்குழாயையும் தாக்கக்கூடும். 9:05-க்கு மிச்சமிருந்த மருந்து மெதுவாகத் தொடங்கி, கால் மணி நேரம் பார்த்து, பிறகு வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 10:15-க்கு முடிந்தது. குளிர் நடுக்கமோ காய்ச்சலோ இல்லை. மருந்தில் கிருமி நச்சு கலந்திருந்தால் வரும் இன்னொரு வகை எதிர்வினை இது அல்ல என்பதற்கு அதுவே அடையாளம்.

நள்ளிரவு தாண்டி 2:10-க்கு மறுபடி குழாய்ச் சோதனை. இந்த ஆறு மணி நேர இடைவெளிக்குக் காரணம் உண்டு: நஞ்சு முறிந்த பிறகு கல்லீரல் உறைதல் காரணிகளைப் புதிதாகச் செய்து முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ரத்தம் உறையவில்லை. இன்னொரு 10 குப்பி. இந்த முறை மருந்துக்கு முன் 0.25 மி.கி. அட்ரினலின் தோலடியில் போடப்பட்டது. எதிர்வினை எதுவும் வரவில்லை. காலை 9 மணிக்கு ரத்தம் கெட்டியாக உறைந்தது.

தோலடி அட்ரினலின் முடிவுக்கு அடிப்படை இலங்கையில் நடந்த ஆய்வு. 2011-இல் வெளியான அதில் 1,007 பாம்புக்கடி நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஓர் எதிர்வினை வந்தது. முன்கூட்டி 0.25 மி.கி. அட்ரினலின் பெற்றவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்வினை 43 விழுக்காடு குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும், புரோமெதசின் என்ற ஹிஸ்டமின் தடுப்பு மருந்தும் முன்கூட்டிக் கொடுத்தும் பயன் தரவில்லை. மருந்தை மெதுவாக விட்டால் எதிர்வினை குறையும் என்ற நம்பிக்கையையும் இலங்கையிலேயே சோதித்தார்கள்: 20 நிமிடத்தில் விட்டாலும் இரண்டு மணி நேரத்தில் விட்டாலும் வேறுபாடில்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் அவிலும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டு ‘கவர் பண்ணியாச்சு’ என்று சொல்வதைக் கேட்கும்போது மனம் கலங்குகிறது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 வரை ஏறி இறங்கியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் புண்ணுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஐந்து நாளுக்கு. டிஸ்சார்ஜ் தாளில் புண் பராமரிப்பு இருந்தது, சிறுநீரகப் பரிசோதனை இருந்தது. இனி வரக்கூடிய தாமத எதிர்வினை பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டாவது எதிர்வினை: 9-ஆம் நாள்

முதலில் டிரிப் ஏற்றிய முன்கையைச் சுற்றித் தடிப்பு. மாலைக்குள் உடம்பெங்கும் அரிப்பு, 38.6 டிகிரி காய்ச்சல். மறுநாள் காலையில் முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு எல்லாம் வலி. தண்ணீர்க் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்க முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்: விஷம் மிச்சம் இருக்கிறது. உப்பில்லாப் பத்தியம் தொடங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் சிக்குன்குனியா என்று சொல்லி டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். விரியன் நஞ்சில் அடிபட்டுத் தேறிவரும் சிறுநீரகத்துக்கு அந்த வலி மருந்து நல்லதல்ல.

11-ஆம் நாள் திரும்ப வந்தபோது கணவர் கேட்ட முதல் கேள்வி: “டாக்டர், விஷம் இன்னும் முழுசா இறங்கலைங்களா?”

குழாய்ச் சோதனையில் ரத்தம் உறைந்தது. ஆக நஞ்சு திரும்பவில்லை. கால் புண் காய்ந்திருந்தது. தட்டணுக்கள் 1.7 லட்சம், டெங்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. புண் மட்டும் காரணம் என்றால் வலப்பக்கம்தான் கட்டியிருக்கும். சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ், சில சிவப்பணுக்கள். கிரியாட்டினின் 1.1. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பிய சி3 (காம்ப்ளிமென்ட் தொடரில் ஒரு புரதம்) அளவு 58 மி.கி.; குறைந்தது 90 இருக்க வேண்டும்.

சீரம் நோய் என்று முடிவானது. ஒரு சந்தேகம் மிச்சம் இருந்ததை மறைக்கக் கூடாது: அமாக்சிசிலின் போன்ற மருந்துகளும் இதே தோற்றத்தில் தடிப்பும் மூட்டுவலியும் தரும். ஆனால் மருந்தால் வரும் அந்தப் போலி சீரம் நோயில் காம்ப்ளிமென்ட் அளவு பொதுவாகக் குறைவதில்லை. சி3 குறைந்ததும், 20 குப்பி குதிரைப் புரதமும், 9 நாள் இடைவெளியும் ஒரே பக்கம் கை காட்டின.

அந்த 9 நாளில் உடம்புக்குள் நடந்தது

இந்த இடைவெளியை முதலில் எண்ணிப் பார்த்தவர்கள் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் போடப்பட்ட பிள்ளைகளுக்கு 8 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வருவதைப் பார்த்தார்கள். சீரத்தில் நச்சு இருந்தால் அன்றே வர வேண்டும். ஏன் இத்தனை நாள்? இரண்டாவது முறை சீரம் பெற்ற பிள்ளைகளுக்கு நாள் குறைந்தது, சிலருக்கு அன்றைக்கே வந்தது. ஆக, காத்திருந்தது நச்சு இல்லை. பிள்ளையின் உடம்பு எதிர்ப்பொருள் செய்ய எடுத்துக்கொண்ட காலம் அது. காக்க வேண்டிய அந்தப் பொருளே நோயையும் உண்டாக்குகிறது என்று 1905-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பிர்கே, மாறிப்போன எதிர்வினை என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். இன்று தூசிக்கும் கத்தரிக்காய்க்கும் நாம் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது குதிரைச் சீரத்தில்தான்.

இந்தப் பெண்ணுக்கும் அதே கணக்கு. முதல் சில நாள்களில் குதிரைப் புரதம் ரத்தத்தில் ஏராளம், எதிர்ப்பொருள் இல்லை. ஒரு வாரம் ஆகும்போது பி செல்கள் முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி என்று செய்து வெளியே விடுகின்றன. அவை புரதத்தைப் பிடித்து முடிச்சுகளாகின்றன. எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தால் முடிச்சு பெரிதாகும்; மண்ணீரலும் கல்லீரலும் அள்ளிவிடும். புரதம் மிகமிக அதிகமாக இருந்தால் முடிச்சு மிகச் சிறிது. சுற்றிக்கொண்டிருக்கும், கெடுதல் குறைவு. இடையில், புரதம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் அந்தச் சில நாள்களில் நடுத்தர அளவு முடிச்சுகள் உண்டாகின்றன. அள்ளவும் படாமல், கரையவும் செய்யாமல், ரத்தம் வடிகட்டப்படும் இடங்களான மூட்டுச் சவ்விலும் சிறுநீரக வடிகட்டியிலும் தோலின் நுண்குழாய்களிலும் படிகின்றன. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் தீப்பிடிக்கிறது, வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. சி3 செலவாகிக் குறைவது இதனால்தான்.

ஜெல், கூம்ஸ் இருவரும் 1963-இல் வகுத்த நான்கு வகை மிகையுணர்வில் இது மூன்றாவது. ஐஜிஇ வழியே வருவது முதலாவது. இந்தப் பெண்ணின் 12-ஆவது நிமிட எதிர்வினையோ முதலாவதைப் போலத் தோன்றினாலும் அந்தப் பெட்டிக்குள் சரியாக அடங்காது. வகைப் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, எந்த இடத்தில் எது கொட்டுகிறது, எது படிகிறது என்று தெரிந்திருப்பது சிகிச்சைக்கு உதவும். இங்கே மாஸ்ட் செல் முக்கியமில்லை; அதனால் அட்ரினலினுக்கு வேலை இல்லை. முடிச்சுகள் கிளப்பிய அழற்சியை அடக்க ஸ்டீராய்டு வேண்டும். முதல் எதிர்வினையில் கடைசி இடத்தில் இருந்த மருந்து இங்கே முன்னுக்கு வருகிறது.

லேசான சீரம் நோய்க்கு குளோர்ஃபெனிரமின் 2 மி.கி. ஆறு மணிக்கொரு முறை போதும். ஓரிரு நாளில் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு. இவருக்குச் சிறுநீரில் புரதம் இருந்ததால் காத்திருக்கவில்லை. பிரெட்னிசொலோன் 5 மி.கி. ஆறு மணிக்கொரு முறை, 7 நாள். வலி ஊசி நிறுத்தப்பட்டது, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். உப்பில்லாப் பத்தியத்துக்குத் தேவையில்லை என்று வீட்டாருக்கு விளக்கினார்கள்.

விளைவு

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. நான்காம் நாள் குடத்தைத் தூக்கினார். மூன்றாம் வாரம் சிறுநீரில் புரதம் இல்லை, ஆறாம் வாரம் சி3 இயல்புக்கு வந்தது. கிரியாட்டினின் 0.9. கணுக்கால் வீக்கம் மட்டும் மாலையில் கொஞ்சம் இருந்தது.

மாற்றிக்கொண்டவை

தோல் சோதனையை அந்த மருத்துவமனை அடியோடு விட்டுவிட்டது. அனுப்பிவைத்த சிறிய மருத்துவமனைக்கும் மருத்துவர் நேரில் போய்ச் சொல்லிவந்தார். இப்போது ஏ.எஸ்.வி. கரைக்கத் தொடங்கும்போதே 0.5 மி.லி. அட்ரினலின் இரண்டு சிரிஞ்சில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, நோயாளியின் தலைமாட்டில் தட்டில் வைக்கிறார்கள். பழுப்பேறிய ஆம்பூல் எடுப்பதில்லை. கேஸ் ஷீட்டில் தசை ஊசித் தடை எழுதும் அதே வரியில், ‘அட்ரினலின் தவிர’ என்றும் எழுதுகிறார்கள்.

நமைச்சலோ தடிப்போ வாந்தியோ எது வந்தாலும் முதலில் டிரிப்பை நிறுத்த வேண்டும். வேகம் குறைப்பது என்ற பாதி வழியை விட்டுவிட்டார்கள். மருத்துவருக்காகக் காத்திராமல் முதல் அட்ரினலினைச் செவிலியரே போடலாம் என்று எழுத்தில் அனுமதி தரப்பட்டது. இந்த நிகழ்வில் வேறு எதையும்விட இந்த ஓர் அனுமதிதான் அதிக நிமிடங்களை மீட்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

முன்கூட்டிய 0.25 மி.கி. தோலடி அட்ரினலினை எல்லோருக்கும் கொடுப்பதா என்பதில் ஒருமித்த முடிவு எட்டவில்லை. இளைப்பு உள்ளவர்களுக்கும், முன்பு குதிரைச் சீரம் பெற்றவர்களுக்கும் கொடுப்பது என்றும், இதய நோயுள்ள முதியவர்களுக்கு யோசித்துச் செய்வது என்றும் வைத்துக்கொண்டார்கள். இதற்காகவே இளைப்பு உண்டா, குதிரைச் சீரம் போட்டதுண்டா என்ற கேள்விகள் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்துக்கு வந்தன. இலங்கை எண்களைப் பார்த்தால் எல்லோருக்கும் கொடுப்பதே சரி என்று நமக்குத் தோன்றுகிறது.

டிஸ்சார்ஜ் தாளில் இப்போது பெரிய எழுத்தில் இருப்பது: ‘5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் இது விஷம் அல்ல, மருந்தின் எதிர்வினை. வலி ஊசி போட்டுக்கொள்ளாமல் இங்கே வாருங்கள்.’ 7-ஆம் நாளும் 10-ஆம் நாளும் வார்டிலிருந்து போனில் கேட்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு ஏ.எஸ்.வி.யால் வந்த இரண்டு எதிர்வினைகளும் தேதியோடு அதில் இருக்கின்றன. மீண்டும் பாம்பு கடித்தால் ஏ.எஸ்.வி. கட்டாயம் கொடுக்க வேண்டும், அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று அடுத்த வரி. கடைசி வரியைக் கணவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள்: நாய் கடித்துப் போட நேரும் வெறிநாய் சீரமும் குதிரையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், போடும் முன் இந்த அட்டையைக் காட்டவும். அட்டையை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.